பழம்பொருளும் நியாய விலையும்

பங்குத் திருவிழா நிறைவுற்ற ஞாயிறன்று நம் மாவட்டத்து ஆலய முற்றங்களில் ஒரு காட்சியைக் காணலாம். காணிக்கையாக வந்த வாழைக்குலை, தேங்காய், சேவல், ஆட்டுக்குட்டி, முதல் அறுப்பில் அளந்தெடுத்த ஒரு மரக்கால் நெல் ஆகியவை வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, “ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்” என்று கூவுவார். சந்தையில் முப்பது, நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும் தேங்காயை ஒருவர் முந்நூறு ரூபாய்க்குக் கேட்டு எடுத்துச் செல்வார். அவர் ஏமாந்துவிட்டார் என்று அங்கு நிற்கும் எவரும் எண்ணுவதில்லை. தேங்காயின் விலை இவ்வளவுதான் என்பது அவருக்கும் தெரியும், கூவுகிறவருக்கும் தெரியும். தெரிந்தே கூடுதலாகக் கொடுப்பதுதான் அந்த ஏலத்தின் பொருள்.

இதற்கு நேர்மாறான ஏலம் ஒன்றும் உலகில் உண்டு. பெருமதிப்புள்ள பொருளை, அதன் மதிப்பை அறியாதவரிடமிருந்து சிறுவிலைக்குப் பெற்று, அறிந்தவரிடம் பெருவிலைக்கு விற்பது அதன் வழி. இன்று கணினியும் கைப்பேசியும் இவ்வணிகத்தை நம் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்துவிட்டன. பழம்பொருள்களைத் தேடி மலிவாக வாங்கி, இணையவழி ஏலத்தில் விற்று வருவாய் ஈட்டும் இளைஞர்கள் நம் பங்குகளிலும் இருக்கின்றனர். இதனைப் பழிப்பதோ புகழ்வதோ நம் நோக்கமன்று. இவ்வணிகம் எங்கிருந்து வந்தது, இதில் நியாயம் என்பது எது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கரையில் பிறந்த ஏலம்

‘ஏலம்’ என்னும் சொல்லே கடல்வழியாக நம்மிடம் வந்ததாகும். போர்த்துக்கீசியரின் ‘லெயிலாவ்’ என்னும் சொல் தமிழர் நாவில் தேய்ந்து ‘ஏலம்’ ஆயிற்று என்பர் அகராதியாளர். போர்த்துக்கீசியரோ அதனை அரபு மொழியினின்று பெற்றனர். அலமாரி, மேசை, சாவி, சன்னல் ஆகிய சொற்களும் அவர்களுடைய கப்பல்களில் வந்து இறங்கியவையே. பழம்பொருள் வணிகர் இன்று நம் வீடுகளில் தேடும் பொருள்களில் சிலவும், அவற்றை விற்கும் முறையின் பெயரும் ஒரே துறையில் கரையேறின என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. புனித சவேரியார் 1544ஆம் ஆண்டு திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் திருமுழுக்கு வழங்கியதும் அந்தப் போர்த்துக்கீசியர் காலத்திலேயே ஆகும்.

ஏலம் நம் கரையில் நெடுங்காலமாக அன்றாட வாழ்வின் பகுதியாக இருந்துவருகிறது. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கட்டுமரமும் வள்ளமும் கரை சேர்ந்தவுடன் மீன் மணலில் குவிக்கப்படும். ஏலம் கூவுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போவார். காண்பதற்கு இது நேர்மையான முறைதான். ஆயினும் மீன் நெடுநேரம் தாங்காத பொருள். விற்பவருக்குக் காத்திருக்க நேரமில்லை, வாங்குபவருக்கோ நேரமுண்டு. வலைக்கும் வள்ளத்துக்கும் முன்பணம் தந்த வணிகரிடமே மீனைக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டும் இருந்தது. கடன்பட்டவருக்கு ஏலம் பெயரளவில்தான் ஏலமாக இருந்தது.

இந்நிலையை மாற்றவே மீனவர் சங்கங்கள் தோன்றின. கோட்டாறு மறைமாவட்டச் சமூகப் பணியாளரின் துணையோடு நம் கடற்கரை ஊர்களில் அமைந்த சங்கங்களும், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980ஆம் ஆண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஒரே அடிப்படையில் இயங்கின. கரையில் நடைபெறும் முதல் விற்பனை மீனவரின் கையில் இருக்கவேண்டும். ஏலத்தைச் சங்கமே நடத்தவேண்டும். கடனும் சேமிப்பும் அதனோடு இணைந்திருக்கவேண்டும் என்பதே அவ்வடிப்படை. விற்பவருக்கு அறிவும் வேண்டும், காத்திருக்கும் வலிமையும் வேண்டும்; இவ்விரண்டும் இல்லாத இடத்தில் விலை நியாயமாக அமைவது அரிது என்பதை நம் கரை மக்கள் பட்டறிந்தனர். மீனுக்குப் பொருந்தும் இவ்வுண்மை பழம்பொருளுக்கும் பொருந்தும்.

பேரீச்சம்பழம் முதல் மின்திரை வரை

‘ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்னும் கூவலைக் கேளாத தமிழ்த் தெரு இல்லை. கிழிந்த பட்டுச்சேலையைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய தலைமுறையும் நம் தாய்மாரின் தலைமுறைதான். சென்னையில் காயலான் கடை என்றும், நம் பக்கத்தில் ஆக்கர் கடை என்றும் வழங்கும் கடைகளுக்கு உருளியும் கிண்டியும் கோளாம்பியும் தூக்குவிளக்கும் எடைக்கு எடை சென்றன. எடைக்கு வாங்கியவர் அவற்றைப் பெரும்பாலும் உருக்கவே கொடுத்தார். உருக்குவதற்கு முன் தரம்பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் மட்டும் சிலவற்றைத் தனியே எடுத்துவைத்தார். பழம்பொருள் வணிகம் என்பது அந்தத் தரம்பிரிப்பில்தான் தொடங்குகிறது.

சென்னையில் இதற்கென ஒரு கோட்டையே இருந்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் என்பவரின் பெயரால் 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய நூல்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் நாணயங்களுக்கும் பெயர்பெற்ற இடமாக விளங்கி, 1985ஆம் ஆண்டு தீக்கிரையாயிற்று. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் மரப்பெட்டிகளும் எனாமல் பாத்திரங்களும் விற்பனைக்கு வந்தன. கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருக் கடைகளில், இடித்துக் கட்டப்பட்ட பழைய ஆலயங்களின் மரச்சுரூபங்களும் பீடத் துண்டுகளும் வந்து சேர்ந்தன.

நாஞ்சில் நாட்டு வீடுகளுக்கும் இவ்வணிகத்தில் இடமுண்டு. நம் மாவட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை மலையாள மொழி வழங்கிய அரசின்கீழ் இருந்தது. ஆகவே பிற தமிழ் மாவட்டங்களில் கிடைக்காத சில பொருள்கள் நம் பத்தாயங்களிலும் பெட்டிகளிலும் கிடைக்கின்றன. அவற்றுள் முதலாவது திருவிதாங்கூர் நாணயம். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆங்கிலேயரின் ஒரு ரூபாய்க்கு 28½ சக்கரம் என்று மாற்றிக் கொடுத்தனர். இன்றும் நம் மூதாட்டியர் சிலர் பணத்தைச் ‘சக்கரம்’ என்றே சொல்வதைக் கேட்கலாம். இரண்டாவது அஞ்சல். திருவிதாங்கூர் அரசு தனக்கென நடத்திய தபால்துறைக்கு ‘அஞ்சல்’ என்று பெயர். சங்கு முத்திரை பொறித்த அதன் தபால்தலைகள் 1888ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. 1951ஆம் ஆண்டு அஞ்சல்துறை இந்தியத் தபால்துறையோடு இணைந்தது. அக்காலத்து நாணயங்களையும் உறைகளையும் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர்.

சேகரிப்போரையும் பெட்டிக்குள் பொருளை வைத்திருப்போரையும் ஒரே சந்தையில் நிறுத்தியது இணையம். அமெரிக்காவில் பியர் ஒமிதியார் என்பவர் 1995ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஏலத்திற்கென ஒரு தளத்தைத் தொடங்கினார். அதில் முதலில் விலைபோனது பழுதடைந்த லேசர் விளக்கு ஒன்று, விலை 14.83 டாலர். அத்தளமே பின்னர் ஈபே என்று பெயர்பெற்றது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாஜி என்னும் ஏலத்தளத்தை 2004ஆம் ஆண்டு ஈபே ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த இந்தியக் கிளை 2017ஆம் ஆண்டு பிளிப்கார்ட் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2018ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆயினும் வணிகம் நின்றுவிடவில்லை. நாணயங்களுக்கும் தபால்தலைகளுக்கும் தனி ஏலநிறுவனங்கள் இணையவழியே ஏலம் நடத்துகின்றன. 1964ஆம் ஆண்டு பழைய இரும்பு வணிகத்திற்கென நிறுவப்பட்ட மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யும், அரசுத்துறைகள் கழித்த பொருள்களை இன்று மின்னேலத்திலேயே விற்றுத் தருகிறது.

மின்னேலத்தின் இயக்கம் முற்றிலும் புதியதன்று. ஏலம் கேட்பவர் தாம் தரக்கூடிய உச்ச விலையை மறைவாகப் பதிவுசெய்கிறார். அடுத்தவர் கேட்ட விலைக்குச் சற்றே மேலாக மட்டும் கணினி அவர் சார்பில் கேட்டுக்கொண்டே போகும். வென்றவர், தமக்கு அடுத்தபடியாகக் கேட்டவரின் விலைக்கு ஒரு படி மேலே கொடுத்தால் போதும். தபால்தலை வணிகர்கள் கடிதவழி ஏலங்களில் இதையொத்த முறையை 19ஆம் நூற்றாண்டிலேயே கையாண்டனர். இம்முறையின் நுட்பத்தை வில்லியம் விக்கிரி என்னும் பொருளியல் அறிஞர் 1961ஆம் ஆண்டு கணித வழியில் விளக்கினார்; 1996ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் இலாபம் காண்பவரின் உழைப்பையும் குறைத்து மதிப்பிடலாகாது. பெயர் தவறாக எழுதப்பட்ட பொருளையும், மங்கிய படத்தோடு விற்பனைக்கு வந்த பொருளையும், பலவற்றோடு சேர்த்துக் கட்டாக வைக்கப்பட்ட பொருளையும் அவர் பொறுமையாகத் தேடுகிறார். விற்பவர் கேட்கும் விலையை விடுத்து, அதையொத்த பொருள்கள் உண்மையில் விலைபோன தொகையை ஒப்பிடுகிறார். தளத்தின் கட்டணம், பொதிசெலவு, அஞ்சல் செலவு, விலைபோகாமல் தேங்கும் பொருளின் நட்டம் ஆகிய அனைத்தையும் கழித்தபின்னரே இலாபம் மிஞ்சுமா என்று கணக்கிடுகிறார். ஏலத்தின் வேகத்தில் கணக்கை மறந்தவர் வென்றும் தோற்றவரே.

இவ்வேட்டையில் நாமும் ஒருமுறை இறங்கியதுண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்குளம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பழைய ஓட்டுவீடு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தனர். திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியின் அருகே ஒரு தகரப் பெட்டியும், அதனுள் கறையான் தொட்ட காகிதங்களும் கிடந்தன. அவற்றினிடையே ஆறு அஞ்சல் உறைகள் இருந்தன. அறுபது ரூபாய் கொடுத்தோம். அவர் வியப்போடு வாங்கிக்கொண்டார். நண்பர் ஒருவர் ஐந்து உறைகளை இணைய ஏலத்தில் வைத்தார். கட்டணமும் அஞ்சல் செலவும் நீங்கலாக 1,480 ரூபாய் கிடைத்தது. முத்திரை அழிந்திருந்த ஆறாவது உறை விலைபோகாது என்று நம்மிடமே தங்கிற்று. அன்று நாம் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க வேண்டுவதில்லை. அதற்குப் பின் நேர்ந்ததை இறுதியில் சொல்வோம்.

பித்தளையும் பொன்னும்

மலிவாக வாங்கி விலையேற்றி விற்பது குற்றமா என்னும் வினா திருச்சபையின் சிந்தனையில் மிகப் பழமையானது. புனித அகுஸ்தினார் (354–430) மூவொரு கடவுளைப் பற்றிய தம் நூலின் 13ஆம் பகுதியில் இதனைத் தொடுகிறார். நாடக அரங்கில் ஒருவன், மக்கள் அனைவரின் உள்ளத்திலும் இருப்பதைச் சொல்கிறேன் என்று கூறி, குறைந்த விலைக்கு வாங்கவும் கூடிய விலைக்கு விற்கவும் எல்லாரும் விரும்புகின்றனர் என்றானாம். கூட்டம் ஆரவாரித்து அதனை ஒப்புக்கொண்டதாம். ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது என்கிறார் அகுஸ்தினார். தமக்குத் தெரிந்த ஒருவரிடம் கையெழுத்து நூல் ஒன்று விலைக்கு வந்தது. விற்பவர் அதன் மதிப்பை அறியாமல் சிறு தொகையைக் கேட்டார். வாங்கியவரோ, விற்பவர் எதிர்பாராத வகையில், மிகக் கூடுதலான நியாய விலையையே கொடுத்தார். 1600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பழம்புத்தக வணிகம் ஒன்று இவ்வாறு நமக்கு எழுத்தில் கிடைத்துள்ளது. வாங்கியவர் பெயரை அகுஸ்தினார் சொல்லவில்லை.

புனித தோமா அக்குவினார் (1225–1274) தம் இறையியல் தொகுப்பில் வாங்கல் விற்றலுக்கென ஒரு வினாவையே ஒதுக்கி, நான்கு பிரிவுகளில் அதனை ஆராய்கிறார். அவர் வணிகரின் பகைவரல்லர். நியாய விலை என்பது இம்மியளவும் பிசகாத கணக்கன்று. அது ஒரு மதிப்பீடு. சிறு ஏற்றத்தாழ்வு நீதியைக் கெடுக்காது என்கிறார். குடும்பத்தைக் காக்கவும் ஏழைக்கு உதவவும் அளவான இலாபத்தை நாடுவது தகும். பொருளைச் செப்பம் செய்தவரும், காலமும் இடமும் மாறியதால் விலை ஏறப்பெற்றவரும், இடர் ஏற்று ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் கொண்டுசென்றவரும் கூடுதல் விலை பெறலாம். பழுதை மறைத்து விற்பது மட்டும் கூடாது. பஞ்சம் நிலவும் ஊருக்குத் தானியம் கொண்டுவந்த வணிகர், பின்னால் வேறு வணிகரும் வருகின்றனர் என்பதைச் சொல்லியாக வேண்டுமா என்றும் அவர் கேட்கிறார். சொல்லாமல் நடப்பு விலைக்கு விற்பது நீதிக்கு மாறன்று. சொன்னால் அது மேலான நற்பண்பு என்பது அவர் முடிவு.

இதே வினாவில் நம் பொருளுக்கு நேராக வந்து நிற்கும் பகுதி ஒன்றுண்டு. விற்பவர் தம் கையிலிருப்பது பொன் என்று அறியாமல் பித்தளை என்று எண்ணி விற்கிறார். வாங்குபவர் பொன் என்று அறிந்தே வாங்குகிறார். அவ்வாறு வாங்கியவர் அநியாயமாக வாங்கினார். அவர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்று அக்குவினார் ஐயத்திற்கிடமின்றிக் கூறுகிறார். பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த மண்ணில் வாழும் நமக்கு இவ்வெடுத்துக்காட்டு எளிதில் விளங்கும்.

இவ்வளவுகோலைக் கொண்டு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்கலாம். ஜெர்மனியில் ஓர் இளைஞர் 2005ஆம் ஆண்டு சனவரியில் பழைய வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் கார் ஒன்றை ஏறத்தாழ 9,500 யூரோவுக்கு வாங்கினார். அதன் பதிவேட்டில் முன்னைய உரிமையாளராக யோசேப் கர்தினால் இராட்சிங்கரின் பெயர் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 19 அன்று அக்கர்தினால் பதினாறாம் பெனடிக்ட் என்னும் பெயரோடு திருத்தந்தையானார். மே மாதத் தொடக்கத்தில் அக்கார் இணைய ஏலத்தில் ஏறத்தாழ 1,89,000 யூரோவுக்குப் போயிற்று. வாங்கியது ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம். விலை இருபது மடங்கு ஏறியது. ஆயினும் வாங்கிய நாளில் நியாய விலையே கொடுக்கப்பட்டது. எவருடைய அறியாமையும் சுரண்டப்படவில்லை. காலம் மாறியது, விலையும் மாறியது. அக்குவினாரின் அளவுகோலில் இவ்விளைஞர் குற்றவாளியல்லர். இலாபத்தின் பெருமையோ சிறுமையோ இங்குக் கேள்வியன்று. எதிரே நின்றவரின் அறியாமையிலிருந்து அது பிறந்ததா என்பதுதான் கேள்வி. 1,480 ரூபாயும் அநியாயமாக இருக்கக்கூடும்.

ஆக்கர் கடைக்காரரிடம் வாங்குவதும் திண்ணையில் அமர்ந்த மூதாட்டியிடம் வாங்குவதும் ஒன்றாகா. முன்னவர் வணிகர், தரம்பிரிக்கவும் விசாரிக்கவும் அவருக்கு வாய்ப்புண்டு. அவர் விடுத்ததைக் கண்டுபிடிப்பவரின் உழைப்புக்குக் கூலி தகும். பின்னவருக்கு அவ்வாய்ப்பில்லை. கரையில் மீனைக் குவித்து, வணிகர் சொன்ன விலைக்குத் தலையசைத்த மீனவரின் நிலையே அவருடைய நிலையும்.

விற்கலாகாதவை

நியாய விலை கொடுத்தாலும் சந்தைக்கு வரக்கூடாத பொருள்களும் உள்ளன. இதனை நம் மக்கள் தெளிவாக அறிந்திருப்பது நன்று. புனிதர்களின் திருப்பண்டங்களை விற்றலாகாது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1190ஆம் எண்ணில் விதிக்கிறது. கலைச்சிறப்போ வரலாற்றுச் சிறப்போ உடைய ஆலயப் பொருள்களைத் திருப்பீடத்தின் இசைவின்றிக் கைமாற்றலாகாது என்பது 1292ஆம் எண்ணின் விதி. திருப்பண்ட வணிகத்தைத் தடைசெய்யும் அறிவுறுத்தலைத் திருப்பீடம் 2017ஆம் ஆண்டு மீண்டும் வெளியிட்டது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒருவர், உரோமையில் திருத்தந்தையின் திருப்பலியில் பெற்ற நற்கருணை அப்பத்தையே இணைய ஏலத்தில் வைத்தார். கேட்பு 2,000 டாலர் வரை சென்றது. மக்களின் கண்டனத்துக்குப்பின் விற்பனை கைவிடப்பட்டு, அது மறைமாவட்ட அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

நாட்டின் சட்டமும் வரையறை செய்துள்ளது. 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், நாணயம் முதலியவையும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புமிக்க கையெழுத்துப் படிகளும் தொல்பொருள்களாகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. அவற்றை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். ஏலத்தளத்தில் அயல்நாட்டார் ஒருவர் உயர்ந்த விலை கேட்டார் என்பதற்காகப் பாட்டனாரின் ஓலைச்சுவடியைப் பொதிந்து அனுப்புகிறவர், தாம் அறியாமலே சட்டத்தை மீறியவராவார்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கின் முயற்சியால் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் அரிய படி ஒன்று 2005ஆம் ஆண்டு தஞ்சை சரசுவதி மகாலிலிருந்து காணாமற்போயிற்று. 2022ஆம் ஆண்டு அது இலண்டனில் ஒரு தொகுப்பில் இருப்பதாக, இணையதளத்தின் வழியே தேடி, தமிழ்நாடு காவல்துறையின் சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவு அறிவித்தது. பொருள்களை வெளியே கொண்டுசெல்லும் இணையமே, அவை சென்ற இடத்தையும் காட்டிக்கொடுக்கிறது.

பழம்பொருளைத் தேடுவோர் அனைவரும் விற்பதற்கே தேடியவரல்லர். தேரூரில் 1876ஆம் ஆண்டு பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, அழகியபாண்டியபுரத்துப் பெரிய வீட்டு முதலியாரின் ஓலைகளைத் தேடிப் படித்துப் படியெடுத்தார். நாஞ்சில் நாட்டின் நிலமும் வரியும் வழக்கும் பற்றி இன்று வரலாற்று ஆய்வாளர் எழுதுவதில் ஒரு பகுதி அவ்வோலைகளால் விளைந்தது. தவத்திரு தனிநாயகம் அடிகளார் 1954ஆம் ஆண்டு வத்திக்கான் நூலகத்தில், 1679ஆம் ஆண்டு அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரோயன்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியைக் கண்டறிந்தார். அது 1966ஆம் ஆண்டு அவ்வாறே மறுபதிப்பாக வெளிவந்து எல்லாருக்கும் உரியதாயிற்று. அரிய பொருளை அடையாளம் காணும் கண் இவர்களுக்கும் இருந்தது. அக்கண்ணால் பெற்ற ஆதாயத்தை இவர்கள் நம் அனைவருக்கும் பங்கிட்டனர்.

ஆறாவது உறை

இனி நம் கதைக்கு வருவோம். விலைபோகாத ஆறாவது உறையை ஒருநாள் எடுத்துப் பார்த்தபோது, உள்ளே மடித்த தாள் ஒன்று இருந்தது. பீர்மேட்டுத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் கொல்லம் ஆண்டு 1119இல், அதாவது 1943–44இல், ஊரிலிருந்த மனைவிக்கு எழுதிய கடிதம் அது. பர்மா அரிசி நின்று திருவிதாங்கூர் எங்கும் அரிசித் தட்டுப்பாடு நிலவிய காலம். கிழங்கைக் கொண்டு நாளை ஓட்டும்படியும், அனுப்பிய தொகை வந்ததா என்று தெரிவிக்கும்படியும் எழுதியிருந்தார். இளையவளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று இருமுறை கேட்டிருந்தார். அந்த இளையவள் யார் என்பது நமக்குப் புரிந்தது.

1,480 ரூபாயையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அவ்வூருக்குச் சென்றோம். பழைய வீடு இருந்த இடத்தில் கான்கிரீட் தூண்கள் எழுந்திருந்தன. மூதாட்டி பக்கத்துக் கொட்டகையில் இருந்தார். செய்தியைச் சொன்னதும் சிரித்தார். “அடுப்பெரிக்க எடுத்துப் போட்டதுல்லா மக்களே, அதுக்கு எதுக்குச் சக்கரம்?” என்றார். கடிதத்தைப் படித்துக் காட்டினோம். காய்ச்சலைப் பற்றிய வரி வந்ததும் சிரிப்பு நின்றது. “இன்னொருக்க வாசி” என்றார். மீண்டும் படித்தோம். தந்தை மலையிலேயே இறந்துவிட்டதாகவும், அவர் முகமே தமக்கு நினைவில்லை என்றும் சொன்னார். பணத்தை எண்ணிப் பாராமல் மகளிடம் கொடுத்தார். கடிதத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

புறப்படும்போது அவர் கேட்டது ஒன்றே: “மத்த அஞ்சுலயும் அப்பா எழுத்து உண்டா மக்களே?”

நம்மிடம் விடை இல்லை. அவற்றை நாம் திறந்து பார்க்கவில்லை. வாங்கியவருக்கு வேண்டியவை தபால்தலையும் முத்திரையும். நமக்கு வேண்டியது விலை. உள்ளே இருந்ததைக் கேட்டவர் எவருமில்லை. நண்பர் வழியாக வாங்கியவருக்கு எழுதிக் கேட்டோம், மறுமொழி வரவில்லை. விலையை ஈடுசெய்ய நம்மால் இயன்றது. அந்த ஐந்து உறைகளை ஈடுசெய்ய இயலவில்லை.

அகுஸ்தினார் குறிப்பிட்ட அந்த மனிதர், நூல் தம் கைக்கு மாறும் முன்னரே விற்பவரிடம் அதன் மதிப்பைத் தம் செயலால் சொல்லிவிட்டார். நாம் பிந்திச் சொன்னோம். பழைய வீட்டுப் பெட்டிகளைத் திறக்கச் செல்லும் நம் இளைஞருக்கு நாம் சொல்லத் தக்கது அதிகமில்லை. தேடுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், உழைப்புக்குரிய இலாபத்தைப் பெறுங்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்ததை எதிரே இருப்பவருக்கும் முதலில் சொல்லுங்கள். உறையைத் திறந்து அவருக்குக் காட்டுங்கள். அதன்பின் விலை பேசுங்கள். ஆலய முற்றத்தில் ஏலம் கூவுகிறவர் இரண்டு தரம் சொன்னபின் சற்றே நிறுத்தி, கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். இன்னும் கேட்க விரும்புவோர் உண்டா என்று அறிவதற்காகவே அந்த இடைவெளி. மூன்றாம் தரம் சொல்லியபின் கேட்பதற்கு ஒன்றுமில்லை.